மறுமலர்ச்சிக் கால ஐரோப்பிய இசையும் கருவிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலைச் செவ்வியல் இசை என்றதும் பாக், மொசார்ட், பேத்தோவன் என்ற பெயர்கள்தான் நினைவுக்கு வரும். பாக் பிறந்தது 1685இல். அதற்கு முன்பே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பாவில் வளர்ந்து நின்ற ஓர் இசை உண்டு. அதைப் பற்றி நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

மறுமலர்ச்சிக் கால இசை என்பது எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை?

பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 1600 வரை. கோடு கிழித்துப் பிரிக்க முடியாது. ஆனால் புதிதாக ஏதோ தொடங்கிவிட்டது என்பது அந்தக் காலத்தவர்களுக்கே தெரிந்திருந்தது. இசை அறிஞர் டிங்க்டோரிஸ் 1477இல் எழுதும்போது, நாற்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட இசையில் கற்றவர்கள் கேட்கத் தக்கது என்று எதுவுமே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

எனக்குப் பிடித்த தொடக்கப் புள்ளி 1436 மார்ச் 25. ஃபுளோரன்ஸ் பேராலயத்தைப் போப்பாண்டவர் அர்ப்பணம் செய்த நாள். புருனெலெஸ்கி கட்டிய மாபெரும் குவிமாடத்தின் கீழே அன்று பாடுவதற்கென்றே கியோம் டுஃபே ஒரு பாடல் இயற்றினார். கட்டடக்கலையில் மறுமலர்ச்சி என்று எதைக் காட்டுகிறார்களோ, அதே கூரையின் கீழ் இசையின் மறுமலர்ச்சியும் நின்றது.

இன்னொன்று. ஓவியத்தில் மறுமலர்ச்சி என்றால் இத்தாலிதான். இசையில் முதல் நூறு ஆண்டுகளுக்கு அப்படி இல்லை. டுஃபே, ஜோஸ்கான் தெ பிரே, வில்லார்ட், லாஸ்ஸோ எல்லோரும் வடக்கே, இன்றைய பெல்ஜியமும் வட பிரான்சும் சேரும் பகுதியிலிருந்து வந்தவர்கள். அங்கிருந்த பேராலயப் பள்ளிகள் சிறுவர்களுக்கு இசையை அவ்வளவு கறாராகக் கற்பித்தன. இத்தாலியப் பிரபுக்கள் அவர்களைப் போட்டிபோட்டுக்கொண்டு சம்பளத்துக்கு அழைத்துக்கொண்டார்கள்.

கேட்டுப் பார்த்தேன். எது பாட்டு, எது பின்னணி என்றே பிடிபடவில்லையே?

பின்னணி என்று ஒன்று இல்லை. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

நம் கச்சேரியில் பாடகர் ஒருவர். வயலின் அவரைப் பின்தொடரும், மிருதங்கம் தாளத்தைத் தாங்கும், தம்புரா சுருதியைப் பிடித்திருக்கும். நம் காதும் அப்படியே பழகிவிட்டது. நடுவில் இருப்பவரைத் தேடிக்கொண்டே இருக்கும். மறுமலர்ச்சிக் காலப் பாடலில் நான்கு குரல் இருந்தால் நான்கும் நடுவில் இருப்பவைதான். ஒவ்வொன்றும் தனித்தனியே பாடினாலும் முழுப் பாட்டாக நிற்கும். நான்கையும் சேர்த்துப் பாடினால் ஒன்றோடொன்று இழையும். இதைப் பல்குரலிசை என்கிறோம்.

ஜோஸ்கானின் ‘ஆவே மரியா, விர்கோ செரேனா’ என்ற பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மேற்குரல் மட்டும் "ஆவே மரியா" என்று ஒரு சிறு வரியைப் பாடும். அது முடிவதற்குள் அதே வரியை அடுத்த குரல் எடுத்துக்கொள்ளும். பிறகு அதற்கும் கீழே உள்ள குரல். கடைசியில் அடிக்குரல். ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்கை ஏற்றுவதுபோல அந்த வரி மேலிருந்து கீழே இறங்கி வரும். பாடலின் பெரும்பகுதியில் இந்தக் கைமாற்றம் நடந்துகொண்டே இருக்கும். முடிவில் நால்வரும் ஓடுவதை நிறுத்திவிட்டு, நீண்ட சுரங்களில், ஒரே நேரத்தில் ஒரே சொல்லைச் சொல்வார்கள்: "இறைவனின் தாயே, என்னை நினைத்தருளும்." அதுவரை நடந்த அத்தனை பின்னலுக்கும் பிறகு வரும் அந்த எளிமை என்னை ஒவ்வொரு முறையும் உலுக்கிவிடுகிறது.

முதல் முறை மேற்குரலை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த முறை அடிக்குரலை மட்டும். மூன்றாவது முறை கேட்கும்போது உங்கள் காது தானாகவே இடம் மாறி மாறிப் போகத் தொடங்கும்.

சுருதி, தாளம், ராகம் போன்றவை இதில் உண்டா?

எல்லா ஊருக்கும் பொதுவான சுருதி கிடையாது. ஊருக்கு ஊர், ஆர்கனுக்கு ஆர்கன் வேறுபடும். தனியாக வாசிப்பவருக்கு லூட் என்ற தந்திக் கருவியின் பாடநூல்கள் சொன்ன வழி ஒன்றே: முதல் தந்தியை அறுந்துவிடாத அளவுக்கு முறுக்கு, மற்றதையெல்லாம் அதற்குச் சேர்த்துக்கொள்.

தாளம் கையில் இருந்தது. கை கீழே இறங்கி மேலே ஏறும் ஓர் ஒழுங்கான அசைவு. அதற்கு டாக்டஸ் என்று பெயர். குறிப்பேட்டில் இன்றுபோல் செங்குத்துக் கோடுகள் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு குரலும் சொல்லின் அசைக்கேற்ப அழுத்தம் கொடுத்துத் தன்போக்கில் ஓட முடிந்தது.

ராகத்துக்கு நேராக வைக்க எதுவும் இல்லை. மோட் என்ற சுர அமைப்புகள் இருந்தன. தேவாலய மரபில் எட்டு. 1547இல் கிளாரியன் என்ற சுவிஸ் அறிஞர் அதைப் பன்னிரண்டாக்கினார். ஆரோகண அவரோகணமும் முடியும் சுரமும் உண்டு. ஆனால் ராகத்துக்குள்ள பிடிகளும் கமகமும் இதில் இல்லை.

தம்புராவில் பழகிய காதுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. அந்தக் கால ஆர்கன்களையும் ஹார்ப்சிகார்டு என்ற விசைப்பலகைக் கருவிகளையும், அந்தர காந்தாரம் தம்புராவின் நாதத்துக்குள் தானாக ஒலிக்கிறதே, அந்தச் சுத்தமான இடத்துக்கு நெருக்கமாகச் சேர்த்துவைத்தார்கள். இன்றைய பியானோவின் காந்தாரம் அதைவிடச் சற்று ஏறியது. பழைய முறைப்படி சேர்த்த ஆர்கனைக் கேட்டால் அந்த இனிமை உடனே தெரியும்.

அச்சு இயந்திரம் வந்தது இசைக்கு உதவியதா?

தலைகீழாக மாற்றியது. அதுவரை கையால் எழுதிய பெரிய ஏடுகள்தான். பிரபுவின் மாளிகையிலோ பேராலயத்திலோ இருக்கும். 1501இல் வெனிஸ் நகரில் ஒத்தாவியானோ பெத்ரூச்சி என்பவர் பல்குரலிசையை முதன்முதலாக அச்செழுத்துகளைக் கோத்து அச்சிட்டார். நூறு பாடல் என்று பெயர் வைத்தார். உள்ளே இருந்தது 96. கோடுகளுக்கு ஒருமுறை, சுரங்களுக்கு ஒருமுறை, எழுத்துக்கு ஒருமுறை என்று ஒரே தாளை மூன்று முறை அச்சுக்குள் விட்டார். ஒரு மயிரிழை விலகினாலும் சுரம் வேறு கோட்டில் உட்கார்ந்துவிடும். ஆனால் விலகவில்லை. அந்தப் பக்கங்களின் நகல்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கைகளை நினைத்துக்கொள்கிறேன்.

1528 வாக்கில் பாரிசில் பியேர் அத்தெஞ்ஞான் ஒரு வழி கண்டார். சுரத்தோடு அதைத் தாங்கும் கோட்டுத் துண்டையும் ஒரே அச்செழுத்தில் வார்த்தார். ஒரே அழுத்தில் வேலை முடிந்தது. கோடுகள் கொஞ்சம் உடைந்து உடைந்து தெரியும். ஆனால் விலை இறங்கியது. வணிகர் வீட்டிலும் பாட்டுப் புத்தகம் வந்தது.

எல்லாக் குரலும் ஒரே பக்கத்தில் இருக்குமா?

இருக்காது. ஒரு பாடலுக்கு நான்கு குரல் என்றால் நான்கு தனிப் புத்தகங்கள். மேற்குரல்காரர் கையில் மேற்குரல் மட்டும். மற்றவர் என்ன பாடுகிறார் என்பது கண்ணுக்குத் தெரியாது. காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் ஓர் அடி பிசகினாலும் கட்டடமே சரியும், எங்கே சரிந்தது என்று பார்த்துச் சொல்ல முழுப் பிரதி யாரிடமும் இல்லை.

ஜான் டௌலண்ட் 1597இல் லண்டனில் வெளியிட்ட பாட்டுப் புத்தகம் இன்னொரு அழகு. புத்தகத்தை மேசை நடுவே விரித்துவைத்தால் ஒரு குரல் இந்தப் பக்கம் பார்த்திருக்கும், இன்னொன்று பக்கவாட்டில், மற்றொன்று தலைகீழாக. குழப்பம் ஒன்றுமில்லை: மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் அவரவர் இடத்திலிருந்து அவரவர் வரியைப் படிக்கலாம். கேட்பவருக்கென்று அந்த மேசையில் இடமே இல்லை. இந்த இசை முதலில் யாருக்காக எழுதப்பட்டது என்பதற்கு அந்த ஒரு பக்கமே சாட்சி.

கருவிகளை எப்படிப் பிரித்தார்கள்?

உரத்தவை, மெல்லியவை என்று. தெருவிலும் கோட்டை மதிலிலும் ஊர்வலத்திலும் ஒலிப்பவை ஒரு பக்கம். அறைக்குள் ஒலிப்பவை மறு பக்கம். இரண்டையும் பெரும்பாலும் கலக்கமாட்டார்கள்.

அதைவிட முக்கியமானது, கருவிகள் குடும்பம் குடும்பமாகச் செய்யப்பட்டன. பாடுவோரில் சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் இருப்பதுபோல ரெக்கார்டர் என்ற ஊதுகுழலிலும் சிறியது முதல் ஆளுயரம் வரை. வயல் என்ற வில் கருவியிலும் அப்படியே, ஷாம் என்ற ஊதுகருவியிலும் அப்படியே. காரணம் எளிது. நான்கு குரல் பாட்டை ஒரே நிறமுள்ள நான்கு கருவிகளில் வாசிக்க வேண்டும். கருவி என்பது மனிதக் குரலின் நிழல். வெனிஸ் நகரத்து கனாஸ்ஸி 1535இல் ரெக்கார்டர் பாடநூல் எழுதினார். அதன் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்: எல்லாக் கருவிகளும் மனிதக் குரலுக்குக் கீழ்ப்பட்டவை, குரலைப் போல ஒலிக்க முயல்வதே வாசிப்பவரின் வேலை.

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1547இல் இறந்தபின் எடுத்த சொத்துக் கணக்கில் ரெக்கார்டர்கள் மட்டும் 76. அவர் அரசவையில் வெனிசிலிருந்து வரவழைத்த பஸ்ஸானோ சகோதரர்கள் அந்தக் கருவியைச் செய்யவும் வாசிக்கவும் வல்லவர்கள்.

ரெக்கார்டர் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் குழல்தானே?

அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள ஒரே வழி, டெனரும் பேஸும் சேர்ந்த மரத்தாலான ரெக்கார்டர் குழு ஒன்றைக் கேட்பதுதான். சிறிய ஆர்கன் ஒன்று மூச்சுவிடுவதுபோல் இருக்கும். நானும் பிளாஸ்டிக் குழலில்தான் தொடங்கினேன். இரண்டு வருடம் தனியாக ஊதிச் சலித்துப்போன பிறகு, மூன்று நண்பர்களோடு உட்கார்ந்து நான்கு வரிப் பாடல் ஒன்றை வாசித்த அன்றுதான் இந்தக் கருவி எதற்காகச் செய்யப்பட்டது என்று புரிந்தது. என் வரியில் நீண்ட சுரம் ஒன்று. அதை மாற்றாமல் ஊதிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் நகர நகர என் சுரத்தின் நிறமே மாறிக்கொண்டிருந்தது.

லூட் என்பது கிதாரா?

உறவு தூரத்து உறவு. பெயரும் உருவமும் அரபு நாட்டு ‘ஊத்’ என்ற கருவியிலிருந்து வந்தவை. முதுகுப்புறம் பாதியாக அறுத்த பேரிக்காய் போல உருண்டிருக்கும். மெல்லிய மரப் பட்டைகளை வளைத்து ஒன்றோடொன்று ஒட்டிச் செய்வார்கள். முன்பலகை இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. நடுவில் பூக்கோலம் போன்ற துளை வேலைப்பாடு. அது ஒட்டிவைத்தது அல்ல, அந்தப் பலகையையே செதுக்கியது. பிருடை இருக்கும் தலைப்பகுதி ஏறக்குறைய செங்குத்தாகப் பின்னால் மடிந்திருக்கும். தூக்கிப் பார்த்தால் காலிக் கூடை போல அவ்வளவு லேசு.

தந்திகள் ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்தவை, பெரும்பாலும் இரட்டை இரட்டையாக. ஆறு வரிசை, முதலாவது மட்டும் ஒற்றை. மெட்டுகளும் குடல்தான். வீணையில் மெட்டுகள் மெழுகில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். லூட்டில் கழுத்தைச் சுற்றிக் கட்டியிருப்பதால் சற்றே நகர்த்திச் சுரத்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

முன்பு லூட்டை இறகால் மீட்டினார்கள்; ஒரு நேரத்தில் ஒரு வரிதான் வரும். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இறகைக் கீழே வைத்துவிட்டு விரல்களால் மீட்டத் தொடங்கினார்கள். கட்டைவிரல் அடிக்குரலை எடுத்துக்கொள்ள, மற்ற விரல்கள் மேலே உள்ள குரல்களைப் பங்கிட்டுக்கொண்டன. ஒரே ஆள் மடியில் ஒரு முழுப் பாடகர் குழு. மிலான் நகரத்து ஃபிரான்செஸ்கோவை (1497–1543) அக்காலத்தவர் ‘தெய்வீகர்’ என்றே அழைத்தார்கள்.

இதற்கு எழுதிய குறிப்பும் வேறு மாதிரி. ஆறு கோடுகள் ஆறு தந்தி வரிசைகள். எந்த மெட்டில் விரல் வைப்பது என்பதை இத்தாலியர் எண்ணாலும் பிரெஞ்சுக்காரர் எழுத்தாலும் எழுதினார்கள். ஸ்பெயினில் லூட்டின் இடத்தில் வியுவேலா இருந்தது. அது கிதார் உருவம் கொண்டது. சேர்ப்பது மட்டும் லூட் போல.

ஷாமைப் பார்த்தால் நம் நாதஸ்வரம் போல இருக்கிறதே?

ஒரே குலம்தான். இரட்டை நாக்குள்ள சீவாளி, மேலிருந்து கீழே விரியும் கூம்புக் குழல், அகன்ற அணசு, காதைத் துளைக்கும் நாதம் நான்கும் பொது. ஷாம் ஐரோப்பாவுக்கு மேற்கு ஆசியாவிலிருந்து போனது. துருக்கியின் ஜூர்னா, வட இந்தியாவின் ஷெனாய் எல்லாம் இதே குலத்துக் கருவிகள். வேலையும் ஏறக்குறைய ஒன்றே: திருமணம், ஊர்வலம், திருவிழா, அரசர் வருகை. நகரசபை சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஊதுகுழுக்கள் ஜெர்மனி, இத்தாலி, இங்கிலாந்து எங்கும் இருந்தன.

வாசிக்கும் விதத்தில் வேறுபாடு உண்டு. நாதஸ்வரம் ஒற்றை வரியை கமகத்தோடு வளர்க்கும். ஷாம்கள் இரண்டு மூன்று அளவுகளில், சாக்பட் என்ற பித்தளை ஊதுகருவியின் துணையோடு, ஒரே சமயத்தில் வேறுவேறு வரிகளை வாசிக்கும். இந்த ஷாமிலிருந்துதான் பின்னாளில் ஓபோ வந்தது.

குடை கைப்பிடி போல வளைந்த கருவி எது?

கிரம்ஹார்ன். சீவாளி ஒரு மர மூடிக்குள் மறைந்திருக்கும். உதடு அதைத் தொடாது. மூடியின் துளைக்குள் ஊத வேண்டும், அவ்வளவே. அதனால் மெல்லவும் உரக்கவும் மாற்றி வாசிக்க முடியாது. எட்டி எட்டி ஒன்பது சுரம்தான் கிடைக்கும். வண்டு ரீங்கரிப்பது போன்ற நாதம். நான்கு சேர்ந்து ஒலித்தால் அப்படி ஒரு செறிவு.

கார்னெட்டோ, சாக்பட்?

சாக்பட் என்பது இன்றைய டிராம்போனின் முன்னோர். வாய் குறுகலாகவும் நாதம் மென்மையாகவும் இருக்கும். ஆண்டு பொறித்துக் கிடைத்தவற்றில் மிகப் பழையது நூரெம்பர்க் நகரில் எராஸ்முஸ் ஷ்னிட்சர் 1551இல் செய்தது.

கார்னெட்டோவைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. மரத்தை வளைவாக வெட்டி, இரண்டு பாதியாகக் குடைந்து, ஒட்டி, மேலே கறுப்புத் தோல் சுற்றுவார்கள். புல்லாங்குழல் போல விரல் துளைகள். ஊதும் வாய் மட்டும் டிரம்பெட் போலச் சிறு கிண்ணம். உதட்டின் ஓரத்தில் வைத்து வாசிப்பவர்களைப் பழைய ஓவியங்களில் பார்க்கலாம். கற்பது மிகக் கடினம். கைவந்தவர் வாசித்தால் இருண்ட ஆலயத்துக்குள் வெயில் விழுந்ததுபோல் இருக்கும். மனிதக் குரலுக்கு இவ்வளவு நெருங்கிய கருவி வேறில்லை என்று அக்காலத்தவரே எழுதினார்கள். வெனிசின் புனித மாற்கு பேராலயத்தில் எதிரெதிர் மாடங்களில் பாடகர்களும் கார்னெட்டோக்களும் சாக்பட்களும் நின்று ஒருவருக்கொருவர் பதில் சொல்வார்கள். அங்கே ஆர்கன் வாசித்த ஜொவான்னி கப்ரியேலி 1597இல் அச்சிட்ட ஒரு படைப்பில் எந்த வரிக்கு எந்தக் கருவி, எங்கே மெல்ல, எங்கே உரக்க என்றே குறித்துவிட்டார். அதுவரை அச்சில் யாரும் பெரும்பாலும் அப்படிக் குறித்ததில்லை; கையில் இருக்கும் கருவியில் வாசித்துக்கொள் என்பதுதான் வழக்கம்.

வயலும் வயலினும் ஒன்றா?

இல்லை. வயல் (முழுப்பெயர் வியோலா ட காம்பா, ‘கால் வயல்’) மடியிலோ முழங்கால்களுக்கு நடுவிலோ நிற்கும். ஆறு தந்தி, லூட் போலக் கட்டிய மெட்டுகள், வில்லை உள்ளங்கை மேல்நோக்க அடியிலிருந்து பிடிப்பார்கள். நாதம் மெல்லியது, சற்றுத் துயரம் தோய்ந்தது. இங்கிலாந்தில் வசதியானவர்கள் வீட்டில் ஒரு பெட்டிக்குள் இரண்டு சிறியது, இரண்டு நடு, இரண்டு பெரியது என்று ஆறு வயல்கள் இருக்கும்.

வயலின் பதினாறாம் நூற்றாண்டில் பிறந்த வேறு கருவி. கிரெமோனாவில் அந்திரேயா அமாட்டி அதற்கு வடிவம் கொடுத்தவர்களில் முதல்வர். தொடக்கத்தில் அது நடனத்துக்கு வாசிக்கும் தொழிற்கலைஞரின் கருவி.

விசைப்பலகைக் கருவிகள்?

ஆர்கன், ஹார்ப்சிகார்ட், அதன் சிறு வடிவமான வர்ஜினல், கிளாவிகார்ட். ஹார்ப்சிகார்டிலும் வர்ஜினலிலும் இறகுத் தண்டு தந்தியை மீட்டும். கிளாவிகார்டில் பித்தளைத் தகடு தந்தியைத் தொட்டு நிற்கும். பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. பியானோ வர இன்னும் நூறு ஆண்டுகள் இருந்தன.

இந்தக் கருவிகள் இப்படித்தான் இருந்தன என்று எப்படித் தெரியும்?

பிழைத்த கருவிகள் சில அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. விர்டுங் என்ற பாதிரியார் 1511இல் பாசலில் அச்சிட்ட நூல், கருவிகளைப் பற்றி வந்த முதல் அச்சு நூல். பிரெட்டோரியுஸ் 1620இல் வெளியிட்ட படத்தொகுப்பில் அளவுகோலோடு வரைந்திருக்கிறார். அதைப் பார்த்து இன்றும் கருவி செய்கிறார்கள்.

கடலும் கொஞ்சம் காத்துவைத்தது. எட்டாம் ஹென்றியின் ‘மேரி ரோஸ்’ போர்க்கப்பல் 1545இல் போர்ட்ஸ்மத் அருகே மூழ்கியது. 1982இல் அதன் உடலை மேலே தூக்கினார்கள். அதிலிருந்து கிடைத்த பொருள்களில் இரண்டு பிடில்கள், மூன்று குழல்கள், ஒரு சிறு முரசு, ஒரு மென்னாத ஷாம். அந்த வகை ஷாமை அதுவரை ஏடுகளில் படித்திருந்தார்கள், யாரும் கண்ணால் பார்த்ததில்லை. குழலும் முரசும் ஒரே ஆள் வாசிப்பவை: இடக்கையில் மூன்று துளைக் குழல், வலக்கையில் முரசுக் கோல். நூற்றுக்கணக்கான மாலுமிகள் மாண்ட கப்பலில், அவர்களை மாலைநேரத்தில் ஆடவைத்த கருவிகள் அவை.

தேவாலய இசையைப் போப்பாண்டவர் தடை செய்யப் பார்த்தார், இசையமைப்பாளர் பாலஸ்திரினா காப்பாற்றினார் என்கிறார்களே?

அழகான கதை, ஆதாரம் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் டிரெண்ட் திருச்சங்கம் (1545–1563) இசையை விவாதித்தது உண்மை. குரல்கள் பின்னிக்கொள்வதில் வேதச் சொல் காதில் விழவில்லை என்ற குறையும் உண்மை. இரண்டாம் மார்செல்லுஸ் 1555இல் மூன்று வாரமே போப்பாக இருந்தார். அதற்குள் பாடகர்களை அழைத்து, சொல் புரியும்படி பாடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பாலஸ்திரினா தம் திருப்பலி இசை ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார். ஆறு குரல் இருந்தும் அதில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். கதை அங்கிருந்து வளர்ந்தது.

மாட்ரிகல் என்றால் என்ன?

1530களில் இத்தாலியில் கிளம்பிய, கவிதைக்கு இசையமைத்த பல்குரல் பாட்டு. காதலும் பிரிவும்தான் பெரும்பாலும் பொருள். சொல் எதைச் சொல்கிறதோ அதை இசை செய்து காட்டும். ஆங்கிலேயர் தாமஸ் வீல்க்ஸ் 1601இல் எழுதிய ஆறு குரல் மாட்ரிகலில், தேவதையின் தோழிகள் மலையிலிருந்து ஓடி இறங்குகிறார்கள். "இருவர் இருவராய்" என்றால் இரண்டு குரல். "மூவர் மூவராய்" என்றால் மூன்று குரல். "ஒன்றாக" என்றால் எல்லோரும். "தேவியைத் தன்னந்தனியே விட்டு" என்ற இடத்தில் ஒரே ஒரு குரல். பாடுகிறவர்கள் முகத்தில் அந்த இடத்தில் சிரிப்பு வராமல் இருந்து நான் பார்த்ததில்லை.

பெண்கள் பாடினார்களா? இயற்றினார்களா?

தேவாலயத்தில் மேற்குரலைப் பாடியவர்கள் சிறுவர்களும் கள்ளக்குரலில் பாடிய ஆண்களும். கன்னியர் மடங்களிலும் அரண்மனைகளிலும் பெண்கள் பாடினார்கள். 1580 முதல் ஃபெராரா அரசவையில் பாடிய பெண்கள் குழுவின் புகழ் இத்தாலி முழுவதும் பரவியது. அவர்கள் பாடிய பாடல்களைப் பிரபு வெளியே விடவில்லை. அவர் இறந்த பிறகு 1601இல்தான் அவை அச்சேறின.

மத்தலேனா கசுலானா 1568இல் தம் மாட்ரிகல்களை அச்சிட்டார். ஒரு பெண் தன் பெயரிலேயே வெளியிட்ட முதல் இசைநூல் அது. அறிவின் உயர்ந்த கொடைகள் தங்களுக்கே உரியவை என்று நினைக்கும் ஆண்களின் வீண் பிழையை உலகுக்குக் காட்டவே இதை வெளியிடுகிறேன் என்று முன்னுரையில் எழுதினார். 1568இல்.

எழுதியதை அப்படியே பாடினார்களா, மனோதர்மம் உண்டா?

நிறையவே. நீண்ட சுரங்களைச் சிறு சிறு சுரங்களாக உடைத்து நிரப்புவார்கள். நாம் சங்கதி என்று சொல்வதற்கு மிக நெருக்கம். கனாஸ்ஸியின் நூலில் பெரும்பகுதி இதற்கான பயிற்சிதான்.

நடன இசை?

பவான் மெதுவானது, இரண்டிரண்டாக அடியெடுத்து நடப்பது. அடுத்து வரும் காலியார்ட் மும்மூன்று எண்ணிக்கையில் துள்ளுவது. பல வேளை ஒரே மெட்டுத்தான் தாளம் மாறித் திரும்பி வரும். லாங்கர் ஊரின் பாதிரியார் ஒருவர் ஆர்போ என்ற புனைபெயரில் 1589இல் எழுதிய நடன நூலில், சுரத்துக்குப் பக்கத்திலேயே காலடியையும் எழுதியிருக்கிறார். அதுவும் கேள்வி-பதில் நடையில்தான்.

பிறகு ஏன் மறைந்தது, எப்படித் திரும்பியது?

நான்கு பேர் ஒரே நேரத்தில் வேறுவேறாகப் பாடினால் ஒரு மனிதனின் துயரம் எப்படி நெஞ்சில் தைக்கும் என்று ஃபுளோரன்சில் சிலர் கேட்டார்கள். ஒரு குரல் முன்னே, கருவிகள் துணைக்கு என்ற முறை வந்தது. மான்டெவெர்டியின் ‘ஓர்ஃபெயோ’ என்ற இசை நாடகம் 1607இல் மாந்துவாவில் அரங்கேறியபோது புதிய காலம் நிலைத்துவிட்டது. வயல், லூட், கார்னெட்டோ ஒவ்வொன்றாக அமைதியாயின.

திரும்பக் கொண்டுவந்தவர்களில் அர்னால்ட் டோல்மெட்ச் (1858–1940) முதலில் நிற்கிறார். 1919இல் லண்டன் ரயில் நிலையத்தில் அவருடைய பழைய ரெக்கார்டர் இருந்த பை தொலைந்துபோனது. எடுத்து வைத்திருந்த அளவுகளைக் கொண்டு தாமே ஒன்று செய்தார். இன்று உலகெங்கும் பிள்ளைகள் கையில் இருக்கும் ரெக்கார்டர் பெரும்பாலும் அந்தத் தேடலின் வழியில் வந்தது.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

மேலே சொன்ன ஜோஸ்கான். டௌலண்டின் லூட் பாடல்கள். தாமஸ் தாலிஸ் 1570 வாக்கில் ஐந்து ஐந்து பேராக எட்டுக் குழுக்களுக்கு, நாற்பது தனி வரிகளாக எழுதிய ‘ஸ்பெம் இன் ஆலியும்’. ஒரு குரலில் தொடங்கி அலையாகப் பெருகும் அதை ஹெட்போனில், இரவில் கேளுங்கள்.

கடைசியாக, வில்லியம் பேர்ட் நான்கு குரலுக்கு எழுதிய திருப்பலி. முதலாம் எலிசபெத் ஆண்ட இங்கிலாந்தில் கத்தோலிக்கத் திருப்பலி சட்டவிரோதம். பேர்ட் கத்தோலிக்கர். 1590களில் அவர் அச்சிட்ட அந்த மெல்லிய புத்தகங்களுக்குத் தலைப்புப் பக்கம் கிடையாது. அச்சிட்டவர் பெயரும் ஆண்டும் கிடையாது. எசெக்ஸ் கிராமப்புற மாளிகைகளில், கதவைச் சாத்திக்கொண்டு, குரலுக்கு ஓரிருவராகப் பாடினார்கள். அதன் இறுதிப் பகுதி ஒரு மன்றாட்டு, மூன்று முறை வரும். முதல் முறை இரண்டு குரல் மட்டும். இரண்டாம் முறை மூன்று. மூன்றாம் முறை நான்கும் சேர்ந்து, "எங்களுக்கு அமைதி தாரும்" என்று கேட்கும். ஒரு குரல் வந்து சேரும்போது இன்னொன்று முரண்டு நிற்கும், இறங்கும், மறுபடி நிற்கும். அந்த இடத்தை இரண்டு முறை கேளுங்கள், இரண்டாம் முறை அடிக்குரலோடு போங்கள்.